சம்பளக் கணக்கு பிசகாமல் பைதான் 2.7 நிரலை 3.13-க்கு மாற்றுவது எப்படி?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றின் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். செக்ரோல் என்ற தொழிலாளர் வருகை, சம்பளக் கணக்கு ஒரு பைதான் நிரலில் ஓடுகிறது. தொழிலாளர் எண், பெயர், வேலை நாள், குலை எடை எல்லாம் ஒரு சிஎஸ்வி கோப்பில் (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) இருக்கும்; நிரல் அதைப் படித்து ஆளுக்கொரு சம்பளச் சீட்டும் மொத்தப் பட்டியலும் தரும். எழுதியவர் எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டார். எழுதியது பைதான் 2.7-இல், கணினி விண்டோஸ் 7. பைதான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு நின்றது. அதே ஆண்டு ஏப்ரலில் வந்த 2.7.18-தான் கடைசிப் பதிப்பு. இப்போது புதுக் கணினி வந்திருக்கிறது, நிரலையும் புதுசாக்க வேண்டும்.

இந்த வேலையில் இரண்டு வகைக் கோளாறு வரும். ஒன்று, நிரல் கத்திக்கொண்டே நின்றுவிடும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம், எந்த வரி என்று அதுவே சொல்லும். மற்றொன்று, நிரல் சத்தமில்லாமல் ஓடி முடிக்கும், ஆனால் தொகை மாறியிருக்கும். சம்பள நாளன்று ஆள் அலுவலகத்துக்கு வந்து கேட்கும்போதுதான் தெரியும். கீழே முதல் வகையை வேகமாகக் கடந்துவிட்டு, இரண்டாம் வகைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

கட்டளைகளையும் பெயர்களையும் உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்; பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லியிருக்கிறோம்.

படி 1: நாள் பார்த்துத் தொடங்குங்கள்

மலேசிய வேலைவாய்ப்புச் சட்டப்படி ஒரு மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கையில் போயாக வேண்டும். ஆகவே மாதத்தின் முதல் வாரத்தில் இந்த வேலையைத் தொடாதீர்கள். 8-ஆம் தேதிக்குப் பிறகு தொடங்கினால் மூன்று வாரம் கிடைக்கும். பழைய கணினியில் எதையும் மாற்ற வேண்டாம். நிரல், தரவுக் கோப்புகள், அமைப்புக் கோப்பு எல்லாவற்றையும் அடைவோடு தம்ப் டிரைவில் நகலெடுத்து, உங்கள் மடிக்கணினியில் வேலை செய்யுங்கள். கிட் (மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) தெரிந்தால் கை வைப்பதற்கு முன்பே முதல் கமிட் (பதிவு) போட்டுவிடுங்கள்.

படி 2: பழைய நிரலிடமிருந்து சாட்சி வாங்குங்கள்

சோதனை நிரல் எதுவும் இருக்கப் போவதில்லை. அதனால் பழைய நிரல் தந்த விடைகளே சோதனை. போன மூன்று மாதத்தை அப்படியே எடுக்காமல், மாதங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்: தீபாவளி முன்பணம் பிடித்த மாதம் ஒன்று, மழையால் வேலை நாள் குறைந்த மாதம் ஒன்று, நடுமாதத்தில் புது ஆள் சேர்ந்த மாதம் ஒன்று. நிரலின் மூலை முடுக்கெல்லாம் ஓடினால்தான் சாட்சிக்கு மதிப்பு. அந்த மாதங்களைப் பழைய நிரலில் ஓட்டி, வந்த சீட்டுகளையும் பட்டியலையும் ‘பழசு’ என்ற அடைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே ஓட்டத்தில் இன்னொரு காரியத்தையும் முடித்துவிடலாம். பைதான் 2.7-ஐக் கூப்பிடும்போது ‘-3’ என்று சேர்த்துக் கூப்பிடுங்கள். பைதான் 3-இல் மாறப்போகும் இடங்களை அது எச்சரிக்கையாக அச்சிடும். முழு எண்ணை முழு எண்ணால் வகுக்கும் இடங்களும் அதில் வரும். ஓடிய வரிகளுக்கு மட்டுமே எச்சரிக்கை வரும் என்பதை மறக்க வேண்டாம். வந்த பட்டியலை ஒரு கோப்பில் சேமியுங்கள், படி 5-இல் தேவைப்படும்.

படி 3: இரண்டு பைதான் நிறுவுங்கள்

போய்ச் சேர வேண்டியது 3.13. ஆனால் பழைய நிரலை மாற்றித் தரும் ‘2டு3’ என்ற கருவி 3.13-இல் நீக்கப்பட்டுவிட்டது. புதியதை மட்டும் நிறுவிவிட்டு ‘2டு3 எங்கே?’ என்று தேடுகிறவர்கள் உண்டு. அதனால் 3.12-ஐயும் நிறுவுங்கள். 3.12 வரிசையில் விண்டோஸ் நிறுவியோடு வந்த கடைசிப் பதிப்பு 3.12.10, அதற்குப் பின் வந்தவை மூலநிரலாக மட்டுமே வந்தன.

நிறுவிய பின், பைதானைத் தொடங்கிவைக்கும் லாஞ்சரின் ‘பி, ஒய்’ என்ற இரண்டெழுத்துக் கட்டளையோடு ‘-0’ சேர்த்துத் தட்டினால், கணினியில் உள்ள பைதான்களின் பட்டியல் வரும். ‘-3.12’, ‘-3.13’ என்று சேர்த்தால் அந்தந்தப் பதிப்பு ஓடும். 3.13-க்கு ஒரு ‘வென்வ்’ (நூலகங்களைத் தனியாக வைக்கும்) சூழலை உருவாக்கி, வேலையை அதற்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

அலுவலகக் கணினியை மாற்றாமல் நிரலை மட்டும் மாற்றச் சொல்கிறார்களா? விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசிப் பைதான் 3.8, அதன் ஆதரவும் 2024 அக்டோபரில் முடிந்துவிட்டது. 3.13-க்கு விண்டோஸ் 10 வேண்டும். இதை மேனேஜரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 4: 2டு3-ஐ ஒரே ஒரு முறை ஓட்டுங்கள்

3.12-ஐ ‘-எம் லிப்2டு3’ என்று கூப்பிட்டு, நிரல் கோப்பின் பெயரைக் கொடுங்கள். சும்மா ஓட்டினால் என்னென்ன மாறும் என்று காட்டும். ‘-டபிள்யூ’ சேர்த்தால்தான் கோப்பில் எழுதும், பழையதை ‘.பேக்’ என்ற பின்னொட்டோடு பக்கத்திலேயே வைக்கும். மாற்றம் முடிந்ததும், கையால் எதையும் தொடாமல், அதைத் தனிக் கமிட்டாகப் போடுங்கள்.

இரண்டாம் முறை ஓட்டாதீர்கள். ஏற்கெனவே மாறிய பிரிண்ட் வரியில் இரண்டு மதிப்புகள் இருந்தால், அவற்றைச் சுற்றி இன்னொரு அடைப்புக்குறி போட்டுவிடும். அப்புறம் சம்பளச் சீட்டில் பெயரும் தொகையும் அடைப்புக்குறி, மேற்கோள் குறி சகிதமாக அச்சாகும்.

பிரிண்ட், எக்ஸ்ரேஞ்ச், ரா-இன்புட், ஹேஸ்-கீ, எக்ஸெப்ட் வரியில் உள்ள காற்புள்ளி, யூஆர்எல்லிப்2 போன்ற இறக்குமதிப் பெயர்கள் எல்லாவற்றையும் இந்தக் கருவியே சரிசெய்துவிடும். மேப் தரும் விடையை லிஸ்டாகவும் சுற்றித் தரும். கையால் மாற்றுகிறவர்கள் இங்கே ஏமாறுவதுண்டு: பைதான் 3-இல் மேப் ஒருமுறைதான் பரிமாறும். எடைகளை ஒருமுறை கூட்டினால் சரியான தொகை வரும், அதையே மறுமுறை கூட்டினால் பூஜ்யம் வரும், பிழைச் செய்தி வராது.

இனி 3.13-இல் ஓட்டிப் பாருங்கள். கத்தும் பிழைகள் ஒவ்வொன்றாக வரும். டேபும் இடைவெளியும் கலந்த வரிகளுக்கு டேப்எரர் வரும். எடிட்டரில் எல்லாவற்றையும் நான்கு இடைவெளியாக மாற்றிவிடுங்கள். கோப்பின் பாதையில் பின்சாய்வுக்கோட்டை அடுத்து ‘யு’ எழுத்து வந்தால், யூசர்ஸ் அடைவைப் போல, யுனிகோட் பிழை என்று நின்றுவிடும். மேற்கோளுக்கு முன் ‘ஆர்’ சேர்த்தால் தீரும். சிஎஸ்வி கோப்பைப் பைனரியாகத் திறந்திருந்தால், எழுத்து வேண்டும், பைட் வேண்டாம் என்று மறுக்கும். ‘ஆர்பி’யை ‘ஆர்’ ஆக்கி, நியூலைன் அளபுருவுக்கு வெற்று மேற்கோள் கொடுங்கள். எழுதும்போதும் அப்படியே செய்யுங்கள், இல்லையென்றால் விண்டோஸில் ஒரு வரி விட்டு ஒரு வரி காலியாக வரும். எடை எழுதாமல் விட்ட கட்டத்தை எண்ணோடு ஒப்பிடும் இடத்தில் டைப்எரர் வந்தால் பைதான் 3-ஐத் திட்டாதீர்கள். பைதான் 2 எழுத்துச் சரத்தை எந்த எண்ணைவிடவும் பெரியது என்று எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. அந்தக் கணக்கு அன்றும் தவறுதான்.

படி 5: வகுத்தல்

இங்கேதான் நிதானம் வேண்டும். பைதான் 2-இல் 250 / 100 என்றால் 2. பைதான் 3-இல் 2.5. இலக்குக்கு மேல் வெட்டிய ஒவ்வொரு 100 கிலோவுக்கும் 2 வெள்ளி (ரிங்கிட்) இன்சென்டிவ் என்று வைத்துக்கொண்டால், 250 கிலோவுக்குப் பழைய நிரல் 4 வெள்ளி போடும், புதியது 5 வெள்ளி போடும். 2டு3 வகுத்தல் குறியைத் தொடவே தொடாது. எது சரி என்று நிரலைப் பார்த்தும் தெரியாது.

அதனால் படி 2-இல் சேமித்த எச்சரிக்கைப் பட்டியலை எடுத்துக்கொண்டு தோட்டத்து எழுத்தரான கிராணியாரிடம் போங்கள். “ஐயா, இந்த இன்சென்டிவ் முழு நூறு கிலோவுக்கு மட்டுந்தானா, மிச்ச ஐம்பதுக்கும் உண்டா?” என்று வரிக்கு வரி கேளுங்கள். முழு நூறுக்கு மட்டும் என்றால் அந்த இடத்தில் // போடுங்கள். மிச்சத்துக்கும் உண்டு என்றால் பழைய நிரல் இத்தனை காலம் குறைவாகக் கொடுத்திருக்கிறது. அதை நீங்களாகத் திருத்தி மறைக்காமல், எழுத்தில் தெரிவித்துவிட்டு, இப்போதைக்கு // போட்டுப் பழைய விடையையே வரவையுங்கள்.

படி 6: ஒரு காசு வித்தியாசம்

0.75 டன், டன்னுக்கு 53.50 வெள்ளி என்றால் 40.125. இதை ரவுண்ட் கொண்டு இரண்டு இலக்கமாக்கினால் பைதான் 2.7 தருவது 40.13, பைதான் 3 தருவது 40.12. சரிபாதியில் நிற்கும் எண்ணைப் பழையது மேலே தள்ளும், புதியது பக்கத்து இரட்டை எண்ணுக்குத் தள்ளும். 40.375 என்றால் இரண்டும் 40.38 என்றே சொல்லும். ஆகவே சிலருக்கு மட்டும் ஒரு காசு குறையும், மொத்தப் பட்டியல் ஏன் பொருந்தவில்லை என்று புரியாமல் அரைநாள் போகும்.

தீர்வு டெசிமல் தொகுதி. காசு என்றொரு சிறு ஃபங்ஷன் எழுதுங்கள்: வந்த எண்ணை டெசிமலாக்கி, குவான்டைஸ் செய்து 0.01-க்குக் கொண்டுவந்து, ‘ரவுண்ட்-ஹாஃப்-அப்’ முறையைக் கொடுங்கள். அந்த முறையின் பெயர் முழுக்கப் பெரிய எழுத்து, இடையில் அடிக்கோடு. நிரலில் ரவுண்ட் வரும் இடமெல்லாம் இதைக் கூப்பிடுங்கள். ஃப்ளோட் எண்ணை அப்படியே டெசிமலுக்குக் கொடுத்தால் 2.7 தந்த அதே விடை வரும். எண்ணை முதலில் எழுத்துச் சரமாக்கிக் கொடுப்பதுதான் சுத்தமான முறை என்று எங்கும் சொல்வார்கள், சரிதான்; ஆனால் அப்படிச் செய்தால் 2.675 போன்ற எண்கள் 2.67-க்குப் பதில் 2.68 ஆகிவிடும். முதலில் பழசோடு பொருந்தட்டும், சுத்தம் பிறகு. விழுக்காட்டுக் குறியோடு ‘.2எஃப்’ போட்டு அச்சிடும் வரிகள் இரண்டு பதிப்பிலும் ஒன்றுபோலவே நடக்கும், அவற்றைத் தொட வேண்டாம்.

படி 7: தமிழ்ப் பெயர்கள்

பைதான் 2 பெயர்களைப் பைட்டுகளாக வாங்கி அப்படியே வெளியே தள்ளியது. பைதான் 3 அவற்றை எழுத்தாகப் படிக்கும். என்கோடிங் (எழுத்துகளைப் பைட்டாக்கும் குறிமுறை) சொல்லாமல் கோப்பைத் திறந்தால், நம் ஊர் ஆங்கில விண்டோஸில் 1252 என்ற மேற்கத்திய எழுத்து அட்டவணையைக் கொண்டு படிக்கும். விளைவு வேடிக்கையாக இருக்கும். ‘முருகன்’ என்ற பெயரில் நிரல் யுனிகோட்-டிகோட்-எரர் என்று நின்றுவிடும். ‘மாலா’, ‘ராதா’ என்ற பெயர்களில் நிற்காது, குப்பை எழுத்தாக மாற்றிச் சீட்டில் அச்சிட்டுவிடும். காரணம், புள்ளிக்கும் உகரக் குறிக்கும் யுடிஎஃப்-8 குறிமுறையில் வரும் கடைசி பைட், 1252 அட்டவணையில் காலியான இடத்தில் விழுகிறது. ஆகாரக் குறிக்கு அப்படியில்லை. ஆகவே மாலாவையும் ராதாவையும் மட்டும் வைத்துச் சோதித்துவிட்டுப் பிழை இல்லை என்று நினைக்காதீர்கள்.

ஓப்பன் வரும் எல்லா இடத்திலும் என்கோடிங் ‘யுடிஎஃப்-8-சிக்’ என்று கொடுங்கள். எக்செல் ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ ஆகச் சேமிக்கும்போது கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளத்தை வைக்கும். ‘சிக்’ இல்லாமல் படித்தால் அது முதல் பத்தியின் தலைப்போடு ஒட்டிக்கொண்டு கீஎரர் தரும். விட்டுப்போன ஓப்பன்களைப் பிடிக்க, 3.13-ஐ ‘-எக்ஸ் வார்ன்_டிஃபால்ட்_என்கோடிங்’ என்று சேர்த்து ஓட்டுங்கள். இதில் எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து.

இன்னொன்று: ‘மாலா’ பழைய நிரலுக்கு 12 பைட், புதியதற்கு 4 குறி. பத்தியை இடைவெளி போட்டு நிரப்பும் வரிகளில் அகலம் மாறும். தொகை சரியாக இருந்தும் ஒப்பிடும்போது வித்தியாசம் காட்டுவது பெரும்பாலும் இதனால்தான்.

படி 8: நூலகங்கள், இணையமில்லா அலுவலகம்

எக்செல் கோப்பைப் படிக்க எக்ஸ்எல்ஆர்டி இருந்தால், அதன் 2.0 பதிப்பிலிருந்து பழைய ‘எக்ஸ்எல்எஸ்’ மட்டுமே படிக்கும். ‘எக்ஸ்எல்எஸ்எக்ஸ்’ கோப்புக்கு ஓப்பன்பைஎக்செல் போடுங்கள். பைதானோடு வந்த தொகுதிகளில் டிஸ்ட்யூட்டில்ஸ் 3.12-இல் போனது, சேஃப்-கான்ஃபிக்-பார்சரும் அதோடு போனது. சிஜிஐ, டெல்நெட்லிப் போன்றவை 3.13-இல் போயின.

தோட்ட அலுவலகத்தில் இணையம் இழுத்துக்கொண்டிருந்தால், பட்டணத்திலேயே ‘பிப் டவுன்லோட்’ கொண்டு எல்லா வீல் கோப்புகளையும் (நூலகங்களின் நிறுவல் கோப்புகள்) தம்ப் டிரைவில் இறக்குங்கள். இறக்கும் கணினியும் 3.13, 64-பிட் விண்டோஸாக இருக்க வேண்டும். அங்கே போய் ‘--நோ-இன்டெக்ஸ்’, ‘--ஃபைண்ட்-லிங்க்ஸ்’ இரண்டையும் சேர்த்து நிறுவி, முடிவில் ‘பிப் செக்’ ஓட்டுங்கள்.

படி 9: ஒப்பிடுங்கள், பிறகு அழகுபடுத்துங்கள்

மூன்று மாதத்தையும் புதியதில் ஓட்டி ‘புதுசு’ அடைவில் வையுங்கள். விண்டோஸின் ‘எஃப்சி’ கட்டளை இரண்டு கோப்பையும் வரிக்கு வரி ஒப்பிடும். டிக்ஷனரியின் வரிசை பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்பதால், இரண்டையும் தொழிலாளர் எண்படி அடுக்கிவிட்டு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் காரணம் சொல்ல முடிய வேண்டும். ‘ஒரு காசுதானே’ என்று விட்டால், அதன் பின்னால் வேறொரு பிழை ஒளிந்திருக்கும்.

அதன் பிறகு வரும் இரண்டு சம்பளத்துக்கும் பழையது, புதியது இரண்டையும் ஓட்டுங்கள். சீட்டு பழையதிலிருந்தே போகட்டும். இரண்டும் பொருந்தினால் மூன்றாம் மாதம் மாறுங்கள்.

எஃப்-ஸ்ட்ரிங், பாத்லிப் போன்ற புதுப் பாணி எழுத்துமுறை எல்லாம் இதற்குப் பின்தான். நிரலைச் சோதித்துத் திருத்தும் ரஃப் கருவியில் ‘யுபி’ விதிகளை மட்டும் தேர்ந்தெடுத்து ‘--ஃபிக்ஸ்’ கொடுத்தால் எஃப்-ஸ்ட்ரிங் போன்ற பலவற்றை அதுவே மாற்றும்; பாத்லிப் அந்த விதிகளில் வராது. விதியின் பெயர் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். மாற்றியதும் அந்த மூன்று மாதத்தையும் மறுபடி ஓட்டி, எஃப்சி வித்தியாசம் ஏதும் இல்லை என்று சொன்ன பிறகே கமிட் போடுங்கள்.