மனநலப் பணியாளர்களின் உணர்வுச் சோர்வு: எப்படிக் கண்டறிவது, எதைச் சரிசெய்வது

வேலையை விரும்பிச் செய்பவருக்குச் சோர்வு வராது என்ற நம்பிக்கை மனநலத் துறையில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பலர் தங்கள் களைப்பை ஆண்டுக்கணக்கில் மறைத்துக்கொள்வதற்கு அதுவே காரணம். பணி நிறைவும் உணர்வுச் சோர்வும் ஒருவரிடமே ஒரே காலத்தில் இருக்க முடியும் என்பதால், இரண்டையும் தனித்தனியே கவனிக்க வேண்டும்.

உளவியலாளர்கள் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் இருவரும் பணிசார் சோர்வை (burnout) அளக்க 1981இல் வெளியிட்ட 22 கூற்றுகள் கொண்ட வினாத்தாள், உணர்வுச் சோர்வு, நோயாளிகளிடமிருந்து மனம் விலகிப்போதல், சாதித்த உணர்வு குறைதல் ஆகிய மூன்றையும் தனித்தனியாகவே அளக்கிறது. வினாத்தாள் கையில் இல்லாவிட்டாலும் சில அறிகுறிகளை நீங்களே கவனிக்கலாம். முன்பதிவு செய்தவர் வரவில்லை என்றதும் நிம்மதி பிறப்பது, ஒருவரைப் பெயரால் குறிப்பிடாமல் 'அந்த ஸ்கிசோஃப்ரினியா கேஸ்' என்று சொல்லத் தொடங்குவது, எதிரில் இருப்பவர் அழும்போது கண் கடிகாரத்துக்குப் போவது ஆகியவை வாரந்தோறும் நிகழ்ந்தால் அலட்சியப்படுத்தாதீர்கள். வேலைக்கு வெளியிலும் உறக்கமின்மையும் நம்பிக்கையின்மையும் தொடர்ந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். அப்போது வேறொரு மனநல மருத்துவரைப் பாருங்கள், அல்லது அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் உதவி எண் 14416ஐ அழையுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐசிடி-11, பணிசார் சோர்வை நோயாக வகைப்படுத்தாமல், பணியிடத்தில் சரிவரக் கையாளப்படாத நெடுநாள் அழுத்தத்தின் விளைவாகவே வரையறுக்கிறது. ஆகவே யோகா வகுப்புடன் நிர்வாகத்தின் கடமை முடிந்துவிடாது. 2019இல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி இந்தியாவில் லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர்களே இருந்தனர். இந்நிலையில் நோயாளிகளின் எண்ணிக்கையை உடனே குறைப்பது எளிதல்ல என்றாலும், அவர்களைப் பார்க்கும் வரிசையை மாற்ற முடியும். தற்கொலை எண்ணம் உள்ளவர், வன்முறைக்கு ஆளானவர், புதிதாக வருபவர் ஆகியோரை அடுத்தடுத்து வைக்காமல், இடையிடையே மறுபரிசோதனைக்கு வருபவர்களை வையுங்கள். குறிப்பு எழுதுவதற்கான நேரமும் பணி நேரத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

மேற்பார்வைக்கென, அதாவது பணியாளர் தாம் பார்க்கும் நோயாளிகளைப் பற்றி அனுபவமுள்ள ஒருவருடன் பேசுவதற்கென, வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்; அதை நடத்துபவர் பணி மதிப்பீடு எழுதுபவராக இருக்கக் கூடாது. "இந்த வாரம் யார் மனதை விட்டு அகலவில்லை?" என்று அவர் தொடங்கினால் உண்மையான பேச்சு வரும்.

தம்மிடம் சிகிச்சை பெற்றவர் தற்கொலை செய்துகொள்ளும்போதுதான் பல நிறுவனங்கள் தம் பணியாளரைக் கைவிடுகின்றன. அந்தச் செய்தியை வாட்ஸ்அப் குழுவில் போடாமல், மூத்தவர் ஒருவர் நேரில், கதவைச் சாத்தி, அமர்ந்து சொல்ல வேண்டும். அன்றைய மீதி முன்பதிவுகளை வேறொருவர் ஏற்க முடியுமா என்று பாருங்கள். ஆபத்தைச் சரியாக மதிப்பிட்டீர்களா என்ற கேள்வி கோப்பு ஆய்வுக்கு உரியது. அதை அன்றே கேட்காதீர்கள். குடும்பத்தினரைச் சந்திக்க நேர்ந்தால், இறந்தவர் நம்பிச் சொன்னவற்றின் ரகசியம் இன்னும் தொடர்கிறது என்பதை முன்கூட்டியே பேசித் தெளிவுபடுத்துங்கள். ஒரு மாதம் கழித்து மீண்டும் விசாரியுங்கள். எல்லோரும் மறந்துவிட்ட அந்த நேரத்தில்தான் குற்றவுணர்வு பலரைத் தனிமையில் வாட்டுகிறது.

காலாண்டுக்கு ஒருமுறை, வேலை நிறைவளிக்கிறதா என்றும், நாள் முடிவில் எவ்வளவு வற்றிப்போகிறீர்கள் என்றும் தனித்தனியாகக் கேளுங்கள். சோர்வில்லாமலே நிறைவு குறைந்திருந்தால் ஊதியம், ஒப்பந்த நியமனம், முடிவெடுக்கும் உரிமை ஆகியவற்றை ஆராயுங்கள். நிறைவும் சோர்வும் சேர்ந்தே உயர்ந்திருப்பவர் எதையும் மறுக்க மாட்டார் என்பதாலேயே அடுத்த புதிய பொறுப்பு வழக்கமாக அவரிடம் போகிறது; அதை இம்முறை வேறொருவருக்குக் கொடுங்கள்.