டீர் வேலி பேருக்கு ஏத்த இடம்தானா? போறவங்க வழக்கமா பண்ற தவறுகள்

அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல பார்க் சிட்டி ஊரை ஒட்டி இருக்கற டீர் வேலி ஸ்கீ (பனிச்சறுக்கு) ரிசார்ட்டைப் பத்தி நான் கேக்குற பேச்சு ரெண்டே விதம்தான். ஒருத்தர் இதுக்கு மேல ஒரு ரிசார்ட் கிடையவே கிடையாதும்பார், இன்னொருத்தர் பணக்காரங்க புது ஜாக்கெட் காட்ட வர்ற இடம், மலை ஒண்ணும் பெருசா இல்ல, காசு தண்டம்பார். ரெண்டு பேருமே நேர்ல போயிட்டு வந்தவங்கதான். எனக்கு இந்த மலை மேல ரொம்பப் பிரியம், அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன். ஏமாந்து திரும்புறவங்கள்ல நிறையப் பேர் இது எதுக்குப் பேர் வாங்கின இடம்னு கேக்காமயே டிக்கெட் போட்டவங்க.

முதல் தவறு, பெரிய தவறு, அதுதான். டீர் வேலி 1981 டிசம்பர்ல திறந்தாங்க. ஆரம்பிச்சவர் எட்கர் ஸ்டெர்ன், சான் ஃப்ரான்சிஸ்கோவுல ஸ்டான்ஃபோர்ட் கோர்ட் ஹோட்டலை உருவாக்கினவர். நல்ல ஹோட்டல்ல வர்றவங்களை எப்படி கவனிப்பாங்களோ அப்படி ஸ்கீ பண்ண வர்றவங்களையும் கவனிக்கணும்ங்கறதுதான் அவரோட யோசனையே, அப்போ இருந்த ஸ்கீ ரிசார்ட்ல எல்லாம் கனமான பூட்ஸை மாட்டிக்கிட்டு ஸ்கீயையும் குழந்தையையும் சேத்து தூக்கிக்கிட்டு நடக்கறதுதான் வழக்கம், இங்க கார் வந்து நின்ன உடனே ஸ்கீயை இறக்கி வைக்க யூனிஃபார்ம் போட்ட ஆளுங்க நின்னாங்க, இன்னைக்கும் நிக்கறாங்க. 1952 ஆஸ்லோ ஒலிம்பிக்ஸ்ல ஜயண்ட் ஸ்லாலம்ல (நட்டு வெச்ச கம்பங்களுக்கு நடுவுல வளைஞ்சு இறங்கற போட்டி) தங்கம் வாங்கின நார்வே வீரர் ஸ்டைன் எரிக்சன் இங்க ஸ்கீயிங் டைரக்டரா பல வருஷம் இருந்தார், 2015ல இறந்து போற வரைக்கும் இந்த மலையோட முகமே அவர்தான்.

ஆக இந்த இடம் பேர் வாங்கினது கவனிப்புக்கு, ராத்திரியெல்லாம் மெஷின் ஓட்டி பனியை சமமா விரிச்சு வைக்கற க்ரூமிங்குக்கு, ஒரு நாளைக்கு இவ்வளவு டிக்கெட்தான்னு நிறுத்திக்கறதுக்கு, சாப்பாட்டுக்கு. இந்த நாலுலயும் பேருக்கு ஏத்த இடம்தான், சந்தேகமே வேண்டாம். ஆனா மூணடி பவுடர்ல, அதாவது மெஷின் படாத புதுப் பனியில, முட்டி வரைக்கும் மூழ்கணும், நெஞ்சு அடிக்கற செங்குத்துல இறங்கணும்னு வர்றவங்க வேற இடத்துக்குப் போயிருக்கணும். இங்க சராசரியா ஒரு சீசனுக்கு 300 இன்ச் பனி விழும், மேற்குல கொஞ்சம் தள்ளி இருக்கற ஆல்டா ரிசார்ட்ல 500 இன்ச்சுக்கு மேல. மேற்குலேருந்து வர்ற புயல் மொதல்ல அந்த மலைங்க மேல மோதி அங்கயே பெரும்பாலும் கொட்டிடுது, இந்தப் பக்கம் வர்றது மிச்சம். யூட்டா பனி காய்ஞ்ச, லேசான பனி, அந்த குணம் இங்கயும் இருக்கு, அளவுதான் கம்மி. அதுக்காக டீர் வேலியைத் திட்டறது நியாயமே இல்ல.

இதுக்கு நேர் எதிரா இன்னொரு தவறு இருக்கு. டீர் வேலின்னா சமமான சுலபமான சரிவு மட்டும்தான்னு முடிவு பண்ணிட்டு, நல்லா ஸ்கீ பண்ணத் தெரிஞ்சவங்க கூட நாள் பூரா பால்ட் ஈகிள் மலையிலயே சுத்திட்டு, போர் அடிக்குதுன்னு சொல்லிட்டுப் போயிடறாங்க. அதே ரிசார்ட்ல எம்பயர் மலைப் பக்கம் போங்க. டேலி ஷூட்ஸ்னு குறுகலா பாறைக்கு நடுவுல இறங்கற இடங்க இருக்கு, லேடி மார்கன் பக்கம் மரத்துக்கு நடுவுல நல்ல சரிவு இருக்கு, பால்ட் மவுண்டன்ல மேஃப்ளவர் பவுல் இருக்கு. இங்க வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க க்ரூம் பண்ண ரன்னைத்தான் (ரன்னா சறுக்கி இறங்கற பாதை) தேடி வர்றாங்க, அதனால பனி விழுந்து ரெண்டு நாள் ஆனப்பறமும் மரங்களுக்கு நடுவுல யாரும் தொடாத பனி கிடைக்குது. ஆல்டாவுல அது காலைல பத்து பத்தரைக்கெல்லாம் காலி ஆயிடும். இதைத்தான் நான் இந்த மலையோட ரகசியம்னு சொல்வேன், ஆனா யாரும் ஒளிச்சு வைக்கல, மேப்பை விரிச்சுப் பாத்தாலே தெரியும். 2002 குளிர்கால ஒலிம்பிக்ஸ்ல மொகுல் (பனி மேடுங்க மேல இறங்கறது), ஏரியல் (காத்துல குட்டிக்கரணம் போடறது), ஸ்லாலம் போட்டி நடந்ததும் இந்த ரிசார்ட்லதான், மொகுல் நடந்த சாம்பியன் ரன்ல நின்னு கீழ பாத்தீங்கன்னா மலை சின்னதுன்னு சொல்ற வாய் தானா மூடிக்கும்.

ரன்னோட கலர் விஷயத்துலயும் ஜாக்கிரதை. பச்சைன்னா சுலபம், நீலம்னா நடுத்தரம், கறுப்புன்னா கஷ்டம்னு அமெரிக்காவுல போடற அடையாளம் அந்தந்த மலைக்குள்ள ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் போடறது, நாடு முழுக்க ஒரே அளவு கிடையாது. டீர் வேலியில கறுப்புன்னு போட்ட ஸ்டைன்ஸ் வே ரன்னை ராத்திரி க்ரூம் பண்ணி விட்டிருப்பாங்க, நல்லா நீல ரன் போறவங்க காலைல அதுல தைரியமா வரலாம். அதை முடிச்ச சந்தோஷத்துல அடுத்த வாரம் ஆல்டா பக்கத்துல இருக்கற ஸ்னோபேர்ட் ரிசார்ட்ல கறுப்பு ரன்ல இறங்கினா அது வேற உலகம், அங்கதான் முட்டியை உடைச்சுக்கறாங்க.

ஸ்னோபோர்டு, அதாவது ரெண்டு காலையும் ஒரே பலகையில மாட்டிக்கிட்டு சறுக்கறது, அதைப் பண்றவங்க தயவு செஞ்சு கவனிங்க. டீர் வேலியில ஸ்னோபோர்டு அனுமதி கிடையாது. ஆல்டா, வெர்மான்ட்ல மேட் ரிவர் க்ளென், டீர் வேலி, இந்த மூணு இடத்துலயும் இன்னைக்கும் ஸ்கீ மட்டும்தான். அஞ்சாறு பேரா ஃப்ரெண்ட்ஸோட வந்து அதுல ஒருத்தர் போர்டு தூக்கிட்டு வந்து மலை மேல ஏத்திட்டுப் போற லிஃப்ட் கிட்ட நிக்கறது பாவமா இருக்கும். அவங்களுக்கு பக்கத்துலயே பார்க் சிட்டி மவுண்டன் இருக்கு, ஆனா அது வேற கம்பெனி, வேற டிக்கெட்.

அதுலயே அடுத்த குழப்பம் வருது, பாஸ் குழப்பம். பாஸ்னா பல மலைக்கும் சேத்து வாங்கற சீசன் டிக்கெட். டீர் வேலியை வெச்சிருக்கறது ஆல்டெரா கம்பெனி, அதுக்கு ஐகான் பாஸ். பார்க் சிட்டி மவுண்டனை வெச்சிருக்கறது வேல் (Vail) ரிசார்ட்ஸ், அதுக்கு எபிக் பாஸ். ரெண்டு மலையும் ஒட்டிக்கிட்டு இருக்கு, மேல முகட்டுல நின்னா அந்தப் பக்கம் லிஃப்ட் போறது கண்ணுக்கே தெரியும், ஆனா எல்லையைத் தாண்டி ஸ்கீ பண்ணக்கூடாது, எபிக் பாஸ் காட்டி டீர் வேலி லிஃப்ட்ல ஏறவும் முடியாது. ரூமை பார்க் சிட்டின்னு போட்டுட்டு பாஸை மாத்தி வாங்கிட்டு வந்து நிக்கறவங்க ஒவ்வொரு சீசனும் இருக்காங்க. ஐகான்லயும் முழு பாஸ்ல டீர் வேலிக்கு 7 நாள்தான், விலை கம்மியான பேஸ் பாஸ்ல இந்த மலை வராது, வாங்கற முன்னாடி அந்த வருஷத்து லிஸ்ட்டை ஒரு தடவை படிச்சிடுங்க, சின்னச் சின்ன விதி எல்லாம் சீசனுக்கு சீசன் மாறும்.

பாஸ் இல்லாதவங்க நேரா கவுன்டர்ல போய் டிக்கெட் வாங்கிக்கலாம்னு நினைக்கறது பர்ஸுக்கு நல்லதில்ல. கூட்டமான நாள்ல ஒரு நாள் டிக்கெட்டே 300 டாலருக்கு மேல போகுது. முன்கூட்டியே ஆன்லைன்ல எடுத்தா குறையும், அதை விட முக்கியம், டிக்கெட் எண்ணிக்கைக்கு வரம்பு வெச்சிருக்காங்க, கிறிஸ்துமஸ் வாரத்துல காசு இருந்தாலும் டிக்கெட் இல்லன்னு சொல்லிடுவாங்க.

தேதிதான் பாதி அனுபவம்னு நான் நினைக்கறேன். கிறிஸ்துமஸ்லேருந்து புது வருஷம் வரைக்கும், ஜனவரில மார்ட்டின் லூதர் கிங் நாளோட சேர்ற வார இறுதி, பிப்ரவரில பிரசிடென்ட்ஸ் டே வாரம், இந்த மூணும் வேண்டாம். வரம்பு வெச்சிருந்தாலும் அந்த நாள்ல பழைய அடிவாரத்துல இருக்கற ஸ்னோ பார்க் லாட்ஜ் முன்னாடி க்யூ நிக்கத்தான் செய்யும், இவ்வளவு காசு கொடுத்துட்டு க்யூவுல நின்னா கோவம் வரும், அந்தக் கோவத்தோடயே முழு மலையையும் எடை போட்டுடுவோம். ஜனவரி நடுவுல வாரநாள்ல போங்க, இல்லன்னா மார்ச் ஆரம்பத்துல, அதே மலையான்னு கேப்பீங்க.

நாளுக்குள்ளயும் நேரம் பாக்கணும். லிஃப்ட் ஒன்பதுக்கு ஓட ஆரம்பிக்கும், நாலுக்கு நிறுத்துவாங்க. க்ரூமிங்குக்காக காசு கொடுத்துட்டு நிதானமா காலை சாப்பாட்டை முடிச்சு பத்தரைக்கு வந்தா, கோடு கோடா விரிச்ச அந்தப் பனியை ஆயிரம் பேர் கலைச்சப்பறம் வர்றீங்கன்னு அர்த்தம். மொத ஒண்ணரை மணி நேரத்துக்குத்தான் இந்த ரிசார்ட் பேர் வாங்கியிருக்குன்னு கூட சொல்லலாம், அந்தப் பனியில ஸ்கீ திரும்பறப்ப வர்ற சத்தமும் பிடிப்பும் வேற எங்கயும் எனக்கு அப்படி அமைஞ்சதில்ல. அடிவாரத்துல சேர்ற கூட்டத்தைத் தாண்ட, எட்டு நாப்பத்தஞ்சுக்கே லைன்ல நின்னு, மேல போனதும் பால்ட் ஈகிள்ல நிக்காம, மலை நடுவுல இருக்கற சில்வர் லேக் வழியா ஃப்ளாக்ஸ்டாஃப், எம்பயர் மலைங்கன்னு தள்ளிப் போயிடுங்க. மத்தியானம் எல்லாரும் சாப்பிடற பன்னெண்டு டூ ஒண்ணு நீங்க ஸ்கீ பண்ணுங்க, சாப்பாட்டை ஒண்ணரைக்கு வெச்சுக்கோங்க, இங்க பேர் போன டர்க்கி சில்லி (வான்கோழிக் கறி போட்ட கெட்டிக் குழம்பு) அப்பவும் கிடைக்கும்.

ரூம் போடறதுல இப்ப புதுசா ஒரு தவறு சேந்திருக்கு. 2023ல ரிசார்ட்டை ரெண்டு மடங்குக்கு மேல பெருசாக்கறதா அறிவிச்சாங்க, 2,026 ஏக்கர்லேருந்து 5,700 ஏக்கருக்கு மேல கொண்டு போற திட்டம், 2024-25 சீசன்லேருந்து கொஞ்சம் கொஞ்சமா திறந்துக்கிட்டு வர்றாங்க. இதுக்காக கிழக்குப் பக்கம் ஜோர்டனெல் நீர்த்தேக்கத்துக்கு மேல ஈஸ்ட் வில்லேஜ்னு புது அடிவாரம் கட்டியிருக்காங்க. டீர் வேலின்னு பேர் இருந்தா போதும்னு ஹோட்டல் போட்டுட்டு, சாயங்காலம் பார்க் சிட்டி மெயின் ஸ்ட்ரீட்ல நடந்து போய் சாப்பிடலாம்னு நினைச்சு வர்றவங்க, அது மலைக்கு அந்தப் பக்கம், ஹைவேல கார் எடுத்துத்தான் போகணும்னு அங்க வந்துதான் தெரிஞ்சுக்கறாங்க. ஈஸ்ட் வில்லேஜ் மோசம்னு சொல்லல, சால்ட் லேக்லேருந்து கார்ல வர்றவங்களுக்கு ஊருக்குள்ள நுழையாமயே மலையில ஏறிடலாம்ங்கறது பெரிய வசதி. ஆனா அந்த அடிவாரம் சுமார் 6,500 அடிதான், பழைய பக்கத்துல எம்பயர் உச்சி 9,570 அடி. தாழ்ந்த இடத்துல சீசன் தொடக்கத்துலயும் மார்ச் கடைசியிலயும் மெஷின்ல தயாரிக்கற பனியைத்தான் நம்பணும், வெயில் ஏறினா சீக்கிரம் இளகும். பெரிய மேப்பைப் பாத்து மயங்காம, நீங்க போற தேதில எந்தெந்த லிஃப்ட் ஓடுதுன்னு பாருங்க.

சில்வர் லேக் பக்கம் ஸ்கீயோடயே வாசல்ல இறங்கற மாதிரி ரூம் எடுக்கணுமான்னு கேப்பாங்க. சின்னக் குழந்தைங்க, வயசானவங்க கூட வந்தா அந்தக் காசு நியாயம்னு படுது. பெரியவங்க மட்டும்னா தேவையில்ல, ஊருக்குள்ள தங்கிட்டு பஸ்ல போங்க, பார்க் சிட்டியில பஸ் எல்லாருக்கும் இலவசம், பார்க்கிங் தலைவலியும் இல்ல.

மொத மொதல்ல ஸ்கீ கத்துக்க வர்றவங்க விஷயத்துல எனக்கு ரெண்டு மனசு. சொல்லிக் கொடுக்கறவங்க நல்லவங்க, வைட் வெஸ்ட்னு ஆரம்பக்காரங்களுக்குத் தனி இடமும் இருக்கு, குழந்தைங்க பயமில்லாம கத்துக்கும். ஆனா தனியா ஒரு இன்ஸ்ட்ரக்டரை முழு நாள் எடுத்தா 1,000 டாலரைத் தாண்டும், அதுக்கு மேல டிப்ஸும் கொடுக்கறது அங்க வழக்கம். மொத மூணு நாள் எந்த மலையில விழுந்து எழுந்தாலும் ஒண்ணுதான், அதுக்கு இந்த விலை எதுக்கு. பச்சை ரன்ல தைரியமா வர்ற அளவுக்கு வேற இடத்துல கத்துக்கிட்டு அப்பறம் இங்க வந்தீங்கன்னா, சக்சஸ் மாதிரி ஒரு நீள ரன்ல மேலேருந்து அடிவாரம் வரைக்கும் நிக்காம வர்றப்ப கொடுத்த காசுக்கு அர்த்தம் புரியும். வேற ரிசார்ட்ல நல்லா ஸ்கீ பண்றவங்களும் மொத நாள் ரிசார்ட்டோட வழிகாட்டியான மவுண்டன் ஹோஸ்ட் கூட்டிட்டுப் போற இலவச டூர்ல சேந்துடுங்க, எந்த ரன் எந்த நேரத்துக்கு நல்லா இருக்கும்னு அவங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு மேப்புக்குத் தெரியாது.

உடம்பு விஷயத்தை நிறையப் பேர் சாதாரணமா எடுத்துக்கறாங்க. ஊரே சுமார் 7,000 அடியில இருக்கு, சால்ட் லேக் ஏர்போர்ட்லேருந்து முக்கால் மணி நேரத்துல அங்க போயிடலாம், அவ்வளவு கிட்ட இருக்கறதே ஆபத்து, காலைல கடல் மட்டத்துல ஃப்ளைட் ஏறினவங்க மறுநாள் காலைல 9,000 அடிக்கு மேல நிக்கறாங்க. தலைவலி, தூக்கமின்மை, வாந்தி வர்ற மாதிரி இருக்கறது, இதெல்லாம் வந்துட்டா எவ்வளவு உசத்தியான ரிசார்ட்டா இருந்தாலும் ரூம்ல படுத்துத்தான் கெடக்கணும். மொத நாள் பாதி நாள் போதும், தண்ணி நிறையக் குடிங்க, காத்து அவ்வளவு காய்ஞ்சு இருக்கும், சன்ஸ்க்ரீனும் போடுங்க. மது அன்னைக்கு வேண்டாம், மத்த நாள்லயும் குடிச்சிட்டு கார் ஓட்டறதா இருந்தா யூட்டா சட்டம் ரொம்ப கடுமை, 2018 கடைசிலேருந்து ரத்தத்துல 0.05 சதவீதம்தான் எல்லை, அமெரிக்காவுல மத்த மாநிலங்கள்ல 0.08. பஸ் இலவசம்னு மேலயே சொல்லிட்டேன், அதுல ஏறிடுங்க.