கணினியின் சூடு: எவ்வளவு ஏறியது, எத்தனை நொடியில் ஏறியது

விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் கிராஃபிக்ஸ் சிப்பான ஜிபியுவின் வெப்பநிலையைக் காட்டும், மையச் செயலியான சிபியுவுடையதைக் காட்டாது. கேம் நடுவில் திணறினாலோ, வீடியோ ரெண்டர் பாதியில் மந்தமானாலோ, கணினி தானாக அணைந்தாலோ கணினிக்குள் உள்ள வெப்பநிலையையும் ஃபேன் சுழற்சியையும் படித்துக் காட்டும் ஒரு சென்சார் மென்பொருள் தேவை. இதற்கு ஹெச்டபிள்யூஇன்ஃபோ 64 நல்ல தேர்வு. சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசம். இன்ஸ்டால் செய்யாமல் ஓடும் போர்ட்டபிள் பதிப்பும் உண்டு. அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள்.

திறப்பதற்கு முன் மற்ற சென்சார் மென்பொருள்களையும், மதர்போர்டோடு வந்த ஃபேன், ஆர்ஜிபி மென்பொருள்களையும் மூடிவிடுங்கள். மதர்போர்டிலுள்ள சென்சார் சிப்பிடம் இரண்டு மென்பொருள்கள் ஒரே நேரத்தில் கேட்டால் பதில் குழம்பும். ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன் 0 என்று காட்டும், வெப்பநிலை ஒரு நொடி மட்டும் எங்கோ தாவி இறங்கும். இன்னொன்றும் கவனியுங்கள்: சில பழைய மென்பொருள்கள் வன்பொருளைப் படிக்க உதவும் வின்ரிங்0 என்ற டிரைவரோடு வரும். அதில் பாதுகாப்பு ஓட்டை இருப்பதால் 2025 மார்ச் முதல் விண்டோஸ் டிஃபெண்டர் அதைப் பிடிக்கிறது. அந்த எச்சரிக்கை வந்தால் மென்பொருளை மாற்றுங்கள், டிஃபெண்டரை அணைக்காதீர்கள்.

முதலில் வரும் சிறு பெட்டியில் 'சென்சார்ஸ் ஒன்லி' என்பதை டிக் செய்து ஸ்டார்ட் கொடுங்கள். நீளமான பட்டியல் விரியும். ஒவ்வொரு வரிசையிலும் இப்போதைய அளவு, குறைந்தது, கூடியது, சராசரி என நான்கு எண்கள் இருக்கும். பெரும்பாலான வரிசைகள் நமக்கு வேண்டாம். இன்டெல் என்றால் 'சிபியு பேக்கேஜ்', அதன் அருகிலுள்ள 'தெர்மல் த்ராட்லிங்' (சூட்டால் வேகம் குறைக்கப்பட்டதா என்பது) ஆகிய வரிசைகள். ஏஎம்டி என்றால் 'சிபியு டிசிடிஎல்/டிடை'. கிராஃபிக்ஸ் கார்டில் ஜிபியு வெப்பநிலை, ஹாட் ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான புள்ளி), மெமரி ஜங்ஷன் (கார்டின் மெமரி சிப்புக்குள் உள்ள வெப்பம்). பிறகு எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க். இவை போதும்.

மதர்போர்டு பகுதியில் மைனஸ் 60, 127 போன்ற எண்களைக் கண்டு பயப்பட வேண்டாம். எதுவும் இணைக்கப்படாத சென்சார் முனையை சிப் படித்தால் இப்படித்தான் வரும். எவ்வளவு வேலை கொடுத்தாலும் 27.8லேயே நிற்கும் 'ஏசிபிஐ தெர்மல் ஸோன்' வரிசையும் அப்படித்தான், அது அளவீடே அல்ல. வேலைக்கேற்ப அசையாத எண்ணை நம்பாதீர்கள்.

சோதனையை இப்படிச் செய்யுங்கள். கணினியை இயக்கி 10 நிமிடம் சும்மா விட்டு, அறையின் வெப்பத்தையும் சிபியுவின் வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கீழ்ப்பட்டையிலுள்ள கடிகார பட்டனை அழுத்தினால் பழைய கூடியது, குறைந்தது அழிந்து புதிதாகத் தொடங்கும். பக்கத்திலுள்ள பதிவு பட்டன் எல்லா அளவுகளையும் நேரத்தோடு ஒரு சிஎஸ்வி கோப்பில் எழுதும். எக்ஸெலில் திறந்து வரைபடமாக்கலாம். பிறகு சிபியுவுக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் ஆர்23யின் 10 நிமிடச் சோதனையை ஓட்டுங்கள். ஜிபியுவுக்கு நீங்கள் வழக்கமாக ஆடும் கனமான கேம் அரை மணி நேரம் போதும்.

எல்லைகள் சிப்புக்குச் சிப் மாறும். பெரும்பாலான இன்டெல் கோர் சிப்கள் 100 டிகிரியில் தாமாகவே வேகத்தைக் குறைக்கும். ஏஎம்டியின் ரைசன் 7000 டெஸ்க்டாப் வரிசையில் பலவற்றுக்கு 95, எக்ஸ்3டி வகைக்கு 89. அதனால் உயர்நிலை ரைசன் முழு வேலையில் 95ஐத் தொட்டு நிற்பது கோளாறு அல்ல, வடிவமைப்பே அப்படி. வெப்பம் எல்லையைத் தொட்டதோடு கிளாக் வேகமும் (சிப் இயங்கும் வேகம்) அடிப்படை அளவுக்குக் கீழே சரிந்தால்தான் குளிரூட்டல் போதவில்லை என்று பொருள்.

உச்ச எண்ணைவிட அதிகம் சொல்வது, சூடு ஏறிய விதம். எல்லையைத் தொட்டே ஓடும்படி வடிவமைத்த உயர்நிலை சிப்களைத் தவிர மற்றவை, சோதனை தொடங்கிய சில நொடிகளிலேயே 90ஐத் தாண்டினால் சிப்புக்கும் கூலருக்கும் இடையே சூடு சரியாகக் கடக்காமல் இருக்கலாம்: நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், ஒரு பக்கத் திருகு தளர்ந்திருக்கலாம், புதிய கூலர் என்றால் அடியிலுள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டியிருக்கலாம். லிக்விட் கூலரில் பம்ப் நின்றிருந்தாலும் இதே கதைதான், பம்பின் சுழற்சி வரிசையைப் பாருங்கள். மாறாக 10, 15 நிமிடத்தில் மெல்ல மெல்ல ஏறினால் கேபினெட்டுக்குள் சூடான காற்று தேங்குகிறது. பக்கப் பலகையைக் கழற்றி அதே சோதனையை மறுபடி ஓட்டுங்கள். 5 டிகிரிக்கு மேல் இறங்கினால் குற்றம் காற்றோட்டத்தில். தூசி வலையையும் முன் ஃபேன்களையும் கவனியுங்கள்.

கிராஃபிக்ஸ் கார்டில் 'ஜிபியு வெப்பநிலை' வரிசைக்கும் ஹாட் ஸ்பாட்டுக்கும் 10 முதல் 15 டிகிரி இடைவெளி சகஜம். 25, 30 என்று விரிந்தால் பேஸ்ட் ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டது. ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி உள்ள கார்டில் மெமரி ஜங்ஷன் 110ஐ நெருங்கினால் உள்ளே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேட் மாற்ற வேண்டும். சும்மா இருக்கும்போது கார்டின் ஃபேன் 0 காட்டுவது பல மாடல்களில் இயல்பு.

ஹார்ட் டிஸ்க் 50க்குக் கீழும், என்விஎம்இ எஸ்எஸ்டி 70க்குக் கீழும் இருக்கட்டும். பெரிய கோப்பை நகலெடுக்கையில் எஸ்எஸ்டியின் வேகம் திடீரென விழுந்தால் வெப்பத்தையும் பாருங்கள். வெப்பம் குறைவாக இருந்தால் அதன் கேஷ் (வேகமான தற்காலிகச் சேமிப்பிடம்) நிரம்பியிருக்கும், ஹீட்சிங்க் வாங்கி மாட்டுவதால் பயனில்லை.

லேப்டாப்பில் மென்பொருள் திறந்திருக்கும்போது மட்டும் சுட்டி விட்டு விட்டு நகர்ந்தால், செட்டிங்ஸில் எம்பெடட் கண்ட்ரோலர் (லேப்டாப்பின் ஃபேன், விசைப்பலகை போன்றவற்றைக் கவனிக்கும் சிப்) சென்சாரை நிறுத்துங்கள். அளவெடுக்கும் இடைவெளி இயல்பாக 2000 மில்லிநொடி. தினமும் பின்னணியில் ஓட்டுவதானால் 5000 ஆக்குங்கள்.

சுத்தம் செய்தபின் அதே சோதனையை அதே நேரம் ஓட்டி ஒப்பிடுங்கள், ஆனால் அறை வெப்பத்தைக் கழித்து. மார்கழிக் காலையில் 28 டிகிரி அறையில் 75 காட்டிய கணினி, கத்திரி வெயிலில் 38 டிகிரி அறையில் 85 காட்டினால் கணினியில் எந்த மாற்றமும் இல்லை. இரண்டிலும் வித்தியாசம் 47தான்.