சைலன்சர் மாற்றியபின் என்ன செய்வது? பழைய கிளாசிக்கும் புதிய கிளாசிக்கும்

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ஐ எடுத்துக்கொள்வோம். பிஎஸ்6 என்ற புகை விதிக்காக 2020-ல் வந்ததிலிருந்து அதில், பெட்ரோலைக் கணினி அளந்து பீய்ச்சும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். அதற்கு முந்தைய 350-களில், உள்ளே போகும் காற்றின் இழுப்பிலேயே பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டர். சைலன்சரைப் பொருத்தும் வேலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதற்கப்புறம் செய்யவேண்டியதுதான் வேறு.

முதலில், வாங்கும்போதே கவனியுங்கள். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுத்துவிடும் ஃபுல் சிஸ்டம் (முழுக் குழாயும் மாறும் செட்) வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன்படி, ஒலி, புகை வரம்பை மீறினால் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. பின்பக்கக் குழாயை மட்டும் மாற்றும் ஸ்லிப்-ஆன் போதும், அதிலும் ஒலியைக் குறைக்கும் டிபி கில்லரைக் கழற்றாமல்.

சரி, பொருத்துவோம். என்ஜின் நன்றாக ஆறட்டும். துருப்பிடித்த நட்டுகளுக்கு டபிள்யூடி-40 அடித்துக் கொஞ்சம் ஊறவிடுங்கள். என்ஜினிலிருந்து வரும் வளைந்த குழாயான பெண்ட் பைப்பைக் கழற்றுவதாக இருந்தால், புது மாடலில் புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் ஒயரின் கனெக்டரை முதலில் பிடுங்கிவிடுங்கள். இல்லையென்றால் பைப்போடு சேர்ந்து ஒயரும் முறுக்கிக்கொள்ளும். இணைப்பை அடைக்கும் வளையமான பழைய கேஸ்கட் என்ஜின் வாயிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். டார்ச் அடித்துப் பார்த்துச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை வையுங்கள். பலர் பழையதன் மேலேயே புதியதை வைத்து முறுக்கிவிடுகிறார்கள். லீக் அங்கேதான் தொடங்குகிறது. எல்லா போல்ட்டையும் கையால் மாட்டி, பைப் இழுபடாமல் உட்கார்ந்தபிறகே ஸ்பானர். முதலில் என்ஜின் பக்கம், கடைசியில் பின்பக்க கிளாம்ப். ஸ்டார்ட் செய்யுமுன் கைரேகையைத் துணியால் துடைத்துவிடுங்கள், சூட்டில் அது அப்படியே கறையாகிவிடும்.

கார்புரேட்டர் வண்டியில் புது சைலன்சர் வழியே புகை சுலபமாக வெளியேறினால் கலவை மெலியும், அதாவது பெட்ரோல் குறையும். ஆக்சிலரேட்டரை மூடும்போது 'பட் பட்' என்று வெடித்தால் அதுதான் அறிகுறி. என்ஜின் சூடானபின், கார்புரேட்டரில் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, ஐட்லிங் அதிகமாகவும் சீராகவும் வரும் இடத்தில் நிறுத்துங்கள். ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் உள்ளே முறுக்க முறுக்கப் பெட்ரோல் கூடும். என்ஜின் பக்கம் இருந்தால் வெளியே எடுக்க எடுக்கக் கூடும். இதைக் குழப்பிக்கொண்டு மெக்கானிக்கைத் திட்டுபவர்கள் நிறைய. அப்புறம் காலியான சாலையில் நன்றாக முறுக்கி ஓட்டி, கிளட்சைப் பிடித்துக்கொண்டு கில் சுவிட்சில் என்ஜினை நிறுத்தி, ஓரமாக நின்று, சூடு குறைந்ததும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனையின் நிறத்தைப் பாருங்கள். வெளிறியிருந்தால் மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையுள்ள திருகு) ஒரு சைஸ் ஏற்றுங்கள். கரியாக இருந்தால் இறக்குங்கள். காப்பிப் பொடி நிறமென்றால் கைவைக்காதீர்கள்.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் திருப்ப ஸ்க்ரூ இல்லை. ஐட்லிங்கிலும் சீரான வேகத்திலும் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து, என்ஜினின் கணினியான இசியூவே ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற அளவுக்குச் சரிசெய்துகொள்ளும். ஆனால் முழுசாக முறுக்கும்போது சென்சாரைப் பார்க்காது. எப்போது எவ்வளவு பெட்ரோல் என்று கம்பெனி எழுதிய அட்டவணையான மேப்பை மட்டுமே நம்பும். ஸ்லிப்-ஆனுக்கு அந்த மேப்பே பெரும்பாலும் சமாளித்துவிடும்.

அதனால் வெடிச்சத்தம் வந்தவுடன் டியூனிங் பெட்டி வாங்க ஓடாதீர்கள். முதலில் லீக் பாருங்கள். சென்சாருக்கு முன்னால் லீக் இருந்தால் வெளிக்காற்று உள்ளே போகும், பெட்ரோல் குறைவென்று நினைத்து இசியூ தேவையில்லாமல் ஊற்றும், மைலேஜ் இறங்கும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து இணைப்பருகே கையைக் காட்டினால் காற்று அடிப்பது தெரியும். அடைக்க சாதாரண சிலிக்கான் பசை பூசாதீர்கள், சென்சார் கெட்டுவிடும்.

லீக் இல்லை, ஆனாலும் முழு ஆக்சிலரேட்டரில் மட்டும் திணறுகிறதா? அப்போதுதான் பவர்ட்ரானிக் போன்ற பிக்கிபேக் பெட்டி, அதாவது இசியூவோடு சேர்த்து மாட்டிப் பெட்ரோல் அளவை மாற்றும் டியூனிங் பெட்டி. உங்கள் மாடலுக்கான மேப்போடு வாங்கி, முடிந்தால் என்ஜின் சக்தியை அளக்கும் டைனோ மெஷினில் ஏற்றிப் பாருங்கள். மாட்டுமுன் வாரன்ட்டி மிச்சமிருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள். கழற்றிய கம்பெனி சைலன்சரை பழைய இரும்புக்குப் போடாமல் வையுங்கள், வண்டியை விற்கும்போது கேட்பார்கள்.