ரிவரில் பெரிய பந்தயம் வந்தால்: கால் செய்வதா, கவிழ்ப்பதா?

ரம்மியும் மூன்று சீட்டும் கைப்பழக்கமாக உள்ள நம் பக்கத்து ஆட்களுக்கு டெக்சாஸ் ஹோல்டெம் விதிகளைச் சொல்லித்தர ஒரு சாயங்காலம் போதும். கையில் இரண்டு சீட்டு, நடுவில் ஐந்து, அந்த ஏழில் சிறந்த ஐந்து. நடுச் சீட்டில் முதல் மூன்று ஃப்ளாப், நான்காவது டர்ன், கடைசி ரிவர். ஃப்ளஷ் (ஒரே ஜாதி ஐந்து) பெரிதா ஸ்ட்ரெயிட் (வரிசையாக ஐந்து) பெரிதா என்பதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

சிக்கல் அதற்கப்புறம் வருகிறது. கடைசிச் சீட்டு விழுந்த பிறகு எதிரில் இருப்பவர் ஒரு பெரிய சிப்ஸ் (பந்தய வில்லை) அடுக்கை முன்னால் தள்ளிவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். அதே அளவு போட்டுக் கால் செய்வதா, சீட்டைக் கவிழ்த்து விலகுவதா? மூன்று சீட்டு ஆடி வளர்ந்தவர்கள் இந்த இடத்தில் யோசிப்பதே இல்லை. குற்றாலம் சாரல் சீசனில் லாட்ஜ் அறைகளில் விடிய விடிய நடக்கும் ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், 'பார்த்துவிடலாம்' என்பது அங்கே வீரம், கவிழ்ப்பது கோழைத்தனம். அந்தப் பழக்கத்தோடு போக்கருக்கு வந்தால் சிப்ஸ் ஒரு மணி நேரம் தாங்காது.

எங்கள் ஆட்டம் பாளையங்கோட்டையில் ஞாயிறு மாலைகளில் நடக்கிறது. பணம் கிடையாது. தலைக்குப் பத்தாயிரம் சிப்ஸ், முதலில் வெளியேறுபவர் எல்லோருக்கும் காபி போட வேண்டும், அவ்வளவுதான். இணையத்தில் பணம் கட்டி ஆடுவதை 2025ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது; திறமை விளையாட்டா, அதிர்ஷ்ட விளையாட்டா என்ற வேறுபாட்டைக்கூட அது பார்க்கவில்லை. ஊரில் வீட்டுக்குள் காசு வைத்து ஆடுவதும் வம்பை விலைக்கு வாங்குவதுதான். கோவாவில் உரிமம் பெற்ற கேசினோக்களில் உட்கார ஆசைப்படுபவர்களுக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். திருநெல்வேலியிலிருந்து காந்திதாம் போகும் ஹம்சஃபர் ரயில் கோவாவின் மட்காவ்ன் வழியாகத்தான் போகிறது. கொங்கண் சுரங்கங்களுக்குள் சிக்னல் கிடைக்காத நேரத்தில் இதை மனக்கணக்காகப் போட்டுப் பழகலாம்.

படி 1: நடுவில் குவிந்த 'பாட்' எவ்வளவு?

நடுவில் குவிந்திருக்கும் மொத்தப் பந்தயத் தொகை, அதாவது பாட், தெரியாமல் எதையும் முடிவு செய்ய முடியாது. நோ லிமிட் (பந்தயத்துக்கு வரம்பில்லாத) ஆட்டத்தில் டீலர் உங்களுக்காகப் பாட்டை எண்ணிச் சொல்லமாட்டார். அந்த உரிமை பாட் லிமிட் (பாட் அளவே வரம்பான) ஆட்டத்தில் மட்டும்தான் உண்டு. எதிராளி இப்போது வைத்த பந்தயம் எவ்வளவு என்று கேட்டால் சொல்வார்கள், அதைத் தயங்காமல் கேளுங்கள். பாட்டை மட்டும் நீங்களே ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒரே எண்ணாக மனதில் வைத்துக்கொண்டு வர வேண்டும். ரிவரில் உட்கார்ந்து முதலிலிருந்து கூட்டினால் குழம்பும்.

படி 2: விலையைக் கண்டுபிடியுங்கள்

நீங்கள் போட வேண்டிய தொகையை, நீங்கள் போட்ட பிறகு பாட் மொத்தம் எவ்வளவு ஆகுமோ அதனால் வகுங்கள். அந்தச் சதவீத அளவுக்காவது உங்கள் கை ஜெயிக்க வேண்டும். இதுதான் விலை.

எங்கள் மேசையில் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். பாட்டில் 1000 இருக்கிறது, எதிராளி 1000 வைக்கிறார். 'ஆயிரம் போட்டு ஆயிரத்தைப் பிடிக்க வேண்டும், பாதிக்குப் பாதி ஜெயித்தால்தான் கட்டும்' என்று மனம் சொல்லும். எதிராளி வைத்த ஆயிரமும் பாட்டில் சேர்ந்துவிட்டது என்பதை மனம் மறந்துவிடுகிறது. நீங்கள் 1000 போட்டு 2000ஐப் பிடிக்கிறீர்கள். போட்ட பிறகு மொத்தம் 3000. விலை 33 சதவீதம். மூன்றில் ஒரு முறை ஜெயித்தால் கைக்கு நஷ்டம் இல்லை.

பாதிப் பாட் அளவு பந்தயத்துக்கு விலை 25 சதவீதம், முழுப் பாட்டுக்கு 33, இரண்டு மடங்குக்கு 40. இந்த மூன்றையும் மனப்பாடம் செய்துவிட்டால் இடைப்பட்டதை ஊகிக்கலாம். பந்தயம் எத்தனை மடங்கு பெரிதானாலும் விலை ஐம்பதைத் தொடாது என்பதையும் கவனியுங்கள். பெரிய அடுக்கைக் கண்டதும் வயிற்றைப் பிசையும்போது இந்த ஒரு செய்தி கொஞ்சம் தெம்பு தரும்.

படி 3: சீட்டு இன்னும் வர வேண்டியிருந்தால்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃப்ளஷுக்கு ஒரு சீட்டு குறைகிறது என்றால் உங்களுக்கு உதவும் சீட்டுகள் 9. டர்னில் நிற்கும்போது பார்க்காத சீட்டுகள் 46. ஆக வாய்ப்பு ஏறத்தாழ 20 சதவீதம். முழுப் பாட் பந்தயத்துக்கு 33 வேண்டும் என்று இப்போதுதான் பார்த்தோம். கவிழ்த்துவிடுங்கள். ஃப்ளஷ் விழுந்தால் ரிவரில் எதிராளியிடமிருந்து இன்னும் பெருந்தொகை வரும் என்று உறுதியாக நம்பினால் மட்டும் விதிவிலக்கு. ஃப்ளாப்பிலேயே எதிராளி ஆல் இன் போனால் (கையில் உள்ள எல்லாச் சிப்ஸையும் வைத்தால்) கதை வேறு. கால் செய்தால் மேற்கொண்டு எதுவும் போடாமல் இரண்டு சீட்டையும் பார்ப்பீர்கள், வாய்ப்பு 35 சதவீதத்துக்கு ஏறுகிறது. இரு பக்கமும் திறந்த ஸ்ட்ரெயிட்டுக்கு 8 சீட்டு, நடுவில் ஓட்டை உள்ளதற்கு 4. ஒரு சீட்டு பாக்கி என்றால் இரண்டால் பெருக்குங்கள், இரண்டு பாக்கி என்றால் நான்கால். துல்லியம் இல்லை, ஆனால் மேசைக்குப் போதும்.

படி 4: ரிவரில் எண்ண வேண்டியது அவருடைய சீட்டை

ரிவரில் வாய்ப்புக் கணக்கு முடிந்துவிட்டது. ஜெயித்திருக்கிறீர்கள் அல்லது தோற்றிருக்கிறீர்கள். இங்கே 'என் கை எவ்வளவு நல்ல கை' என்ற கேள்வியால் ஒரு பயனும் இல்லை. இந்த ஆள் இந்த வழியாக வந்து இவ்வளவு பெரிய பந்தயம் வைக்க, அவரிடம் என்னென்ன சீட்டு இருக்கலாம்? அதில் எத்தனை நம்மை ஜெயிக்கும், எத்தனை வெறும் ப்ளஃப் (கையில் ஒன்றுமில்லாத மிரட்டல்)?

ஒரு கையை முழுக்கப் போட்டுப் பார்ப்போம். ப்ளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைப்பது) 50, 100. நடு இருக்கைக்காரர் 300க்கு ஏற்றுகிறார். பட்டனில் (ஃப்ளாப்புக்குப் பின் கடைசியாக முடிவு சொல்லும் இருக்கையில்) இருக்கும் உங்களிடம் ஸ்பேட் ராஜா, ஸ்பேட் ராணி. கால் செய்கிறீர்கள், ப்ளைண்டுகள் கவிழ்க்கிறார்கள். பாட் 750.

ஃப்ளாப்: ஆர்ட்டின் ராஜா, ஆர்ட்டின் ஒன்பது, கிளாவர் நான்கு. அவர் 500, நீங்கள் கால். பாட் 1750. டர்ன்: ஸ்பேட் ஏழு. அவர் 1200, நீங்கள் கால். பாட் 4150. ரிவர்: டைமன் இரண்டு. அவர் 4000 வைக்கிறார்.

விலை: 4000ஐ 12,150ஆல் வகுத்தால் 33 சதவீதம். அதாவது அவரிடம் இரண்டு நல்ல கைக்கு ஒரு ப்ளஃப் வீதமாவது இருக்க வேண்டும்.

இப்போது எண்ணுங்கள். ஒரு ராஜா நடுவில், ஒரு ராஜா உங்கள் கையில், மீதி இரண்டு. ஏஸ் நான்கு. ஆகவே ஏஸ்-ராஜா 8 விதமாக வரலாம். இரட்டை ஏஸ் 6 விதம். இரட்டை ராஜா ஒரே விதம். இரட்டை ஒன்பது, இரட்டை ஏழு, இரட்டை நான்கு ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு நடுவில் போய்விட்டதால் தலா 3, மொத்தம் 9. ஒரே ஜாதி ராஜா-ஒன்பது 2. கூட்டினால் 26. இவை அனைத்தும் உங்களை ஜெயிக்கும்.

ப்ளஃப் பக்கம்: ஆர்ட்டின் ஃப்ளஷ் எதிர்பார்த்து ஏமாந்த கைகள். ஏஸ்-ராணி, ஏஸ்-ஜாக், ஏஸ்-பத்து, ராணி-ஜாக், ராணி-பத்து, ஜாக்-பத்து, பத்து-எட்டு, எட்டு-ஆறு. எட்டு. ஸ்ட்ரெயிட் கிடைக்காத மற்ற மூன்று ஜாதி ஜாக்-பத்தையும் சேர்த்தால் 11.

இந்தப் பதினொன்றையும் ஒன்றுவிடாமல் அவர் ப்ளஃப் செய்தால்கூட 37க்கு 11, முப்பது சதவீதம்தான். தேவை 33. நடைமுறையில் யாரும் எல்லாவற்றையும் ப்ளஃப் செய்வதில்லை. கவிழ்த்துவிடுங்கள். ராஜா ஜோடி, பக்கத்தில் ராணி, பார்க்க லட்சணமான கை, பரவாயில்லை.

உட்கார்ந்த இடத்தில் இதையெல்லாம் எப்படி எண்ணுவது என்று என் அத்தான் இன்னும் கேலி செய்கிறார்: "ஒரு கை பார்ப்பதற்கு இவ்வளவு கணக்கா மாப்பிள்ளை? காபி ஆறிவிடும்." மேசையில் முழுதும் எண்ண முடியாது என்பது உண்மை. டூர்னமெண்டில் யாராவது கிளாக் (நேரக் கெடு) கேட்டுவிட்டால் அரை நிமிடம்தான். வீட்டில் சீட்டைப் பரப்பி வைத்து எண்ணிப் பழகினால் இரண்டு விஷயம் கைக்குப் பழகும்: ஜோடிக் கை 6 விதம், ஜோடி இல்லாதது 16 விதம், அதில் ஒரே ஜாதி 4 மட்டும். இது தெரிந்தால் 'இந்த போர்டில் (நடுச் சீட்டுகளில்) ப்ளஃப் குறைவு' என்பது எண்ணாமலே புலப்படத் தொடங்கும்.

இன்னொரு நுணுக்கம். அதே கையில் உங்களிடம் இருப்பது ஸ்பேட் ராணியாக இல்லாமல் ஆர்ட்டின் ராணியாக இருந்தால்? புதியவர்கள் 'ஆர்ட்டின் என்னிடம் இருக்கிறது, நல்லது' என்பார்கள். ரிவரில் அது கெட்டது. ஏஸ்-ராணி, ராணி-ஜாக், ராணி-பத்து ஆகிய மூன்று ஆர்ட்டின் ப்ளஃபும் அவரிடம் இருக்க முடியாமல் போகிறது. ஏமாந்த ஃப்ளஷ் சீட்டு உங்கள் கையில் இருந்தால் கவிழ்ப்பதற்கு அது கூடுதல் காரணம்.

படி 5: எதிரில் யார்?

வாரம் ஒருமுறை கூடும் மேசைகளில் மூன்று சுற்றும் பந்தயம் வைத்து, கடைசியில் பாட் அளவுக்கு வைப்பவர் பெரும்பாலும் கையில் வைத்துக்கொண்டுதான் வைக்கிறார். கணக்கு இழுபறியாக வந்தால் நான் கவிழ்க்கும் பக்கமே சாய்வேன். முக்கால் மணி நேரம் வாயைத் திறக்காமல் கவிழ்த்துக்கொண்டே இருந்த அண்ணாச்சி திடீரென்று நான்காயிரத்தைத் தள்ளினால் எண்ணவே வேண்டாம்.

கை நடுங்குகிறது, எனவே பயப்படுகிறார் என்று நினைத்துக் கால் செய்பவர்கள் உண்டு. நான் பார்த்தவரை, நடுக்கம் பெரும்பாலும் நல்ல சீட்டு வந்த பரபரப்பு. முகத்தைப் படிப்பதைவிட அவர் வந்த பாதையைப் படியுங்கள். ஃப்ளாப்பிலும் டர்னிலும் செக் செய்துவிட்டு (பந்தயம் வைக்காமல் விட்டுவிட்டு), யாருக்கும் உதவாத ரிவர் விழுந்ததும் பெரிதாக அடிப்பவரின் கதையில் ஓட்டை இருக்கிறது. ஏஸ்-ராஜா என்றால் முன்பே அடித்திருப்பாரே? அங்கே சுமாரான ஜோடியை வைத்துக்கூடக் கால் செய்யலாம். உங்களுக்குப் பின்னால் இன்னொருவர் முடிவு சொல்ல வேண்டியிருந்தால் அதுவும் வேண்டாம்.

என்ன வாங்கலாம், எதை விடலாம்

பிளாஸ்டிக் சீட்டுக்கட்டு வாங்குங்கள். காகிதக் கட்டு சாரல் காலத்தில் ஊறி, கலைக்கும்போது ஒட்டிக்கொள்ளும். ஓரம் மடங்கினால் எந்தச் சீட்டு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். வாய்ப்பைச் சரிபார்க்க ஈக்விலாப் என்ற கணினி நிரல் போதும். சால்வர் (சிறந்த ஆட்டம் எது என்று கணக்கிடும் நிரல்) என்று ஆயிரக்கணக்கில் செலவழிப்பது இந்த நிலையில் வீண். எதிராளியும் சால்வர் மாதிரி ஆடினால்தானே அதன் விடை பலிக்கும்? இலவசச் செயலிகளில் பழகுவதையும் நான் ஆதரிக்கமாட்டேன். இழக்க எதுவுமில்லாததால் அங்கே எல்லோரும் எல்லாவற்றையும் கால் செய்வார்கள். அவற்றைவிட ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, ரிவரில் பெரிய பந்தயம் வந்து சீட்டைத் திறந்து காட்டிய ஒவ்வொரு கையையும் எழுதுங்கள்: யார், எவ்வளவு, என்ன காட்டினார். எங்கள் மேசையில் யார் ப்ளஃப் செய்வார் என்று அந்த நோட்டுக்குத்தான் தெரியும்.

பின்சேர்க்கை

படித்தவர்களில் ஒருவர் சரியான கேள்வி கேட்டிருந்தார்: 'எங்கள் மேசையில் ஏஸ்-ராஜாவை வைத்துக்கொண்டு ரிவரில் யாரும் 4000 வைக்கமாட்டார்கள், செக் செய்துவிடுவார்கள். அப்போது கணக்கு மாறாதா?' மாறும். 26இலிருந்து 8ஐக் கழித்தால் 18. ப்ளஃப் 11 என்றால் 29க்கு 11, அதாவது 38 சதவீதம். கால் செய்யலாம் என்று காகிதம் சொல்கிறது. ஆனால் ஏஸ்-ராஜாவையே பயந்து செக் செய்யும் ஆள், ஒன்றுமில்லாத பத்து-எட்டை வைத்து நான்காயிரம் தள்ளுவாரா? அவருடைய ப்ளஃப் பட்டியலையும் நான்கு, ஐந்தாகக் குறைத்துக்கொண்டு வகுத்துப் பாருங்கள், 22 சதவீதத்தைத் தாண்டாது. ஒரு பக்கத்தை மட்டும் திருத்தக் கூடாது.

டூர்னமெண்டில் பரிசு வரம்புக்கு ஓரிருவர் பாக்கி இருக்கும்போது இதே விலைதானா என்று இன்னொருவர் கேட்டார். இல்லை. அப்போது வெளியேறினால் இழப்பது, ஜெயித்தால் கிடைப்பதைவிடப் பெரிது. 33 வேண்டிய இடத்தில் 40க்கு மேல் இருந்தால் மட்டும் நான் கால் செய்வேன். உங்களைவிடச் சின்ன அடுக்கு வைத்திருப்பவர்கள் மேசையில் பலர் இருந்தால் இன்னும் இறுக்கமாக.