மே மாதக் கடைசியில் பூக்கும் வெள்ளை டியூலிப்

கனடாவின் டொராண்டோவில் உள்ள ஸ்காபரோவில் மே மாதம் பிறக்கும்போது தெருவெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக டியூலிப் பூத்துக் கிடக்கும். என் வீட்டு முற்றத்தில் அப்போது இலைதான் நிற்கும். நான் வளர்ப்பது மொரீன் என்ற வெள்ளை டியூலிப் வகை. மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா டே விடுமுறையை ஒட்டித்தான் அது விரியும். முழங்கால் உயரத்துக்கும் மேலே முட்டை வடிவப் பூ. முதலில் பால் நிறம், போகப் போக நல்ல வெள்ளை. பக்கத்து வீடுகளில் இதழ் கொட்டிய பிறகும் இது நிமிர்ந்து நிற்கும். மவுண்ட் டகோமா என்று அடுக்கிதழ் வெள்ளையும் உண்டு, அழகுதான். ஆனால் ஒரு மழை பெய்தால் பாரத்தில் தலை சாய்ந்துவிடும்.

அப்பா யாழ்ப்பாணத்தில் வெங்காயம் செய்தவர். டியூலிப் கிழங்கும் வெங்காயம் மாதிரியே இருந்ததால், முதல் வருடம் நானும் மேலாக ஊன்றிவிட்டேன். ஒரு கிழமைக்குள் அணில்கள் பாதியைத் தோண்டிவிட்டன. இப்போது கிழங்கின் அடி 20 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும்படி குழி வெட்டுகிறேன். கூர்முனை மேலே இருக்க வேண்டும். கிழங்குக்குக் கிழங்கு ஒரு சாண் இடைவெளி தாராளம். மண்ணை மூடியதும் கோழிக்கூட்டுக் கம்பிவலையை மேலே விரித்துக் கல் வையுங்கள். மார்ச்சில் முளை தெரிந்ததும் எடுத்துவிடலாம். எலும்புத்தூள் போட வேண்டாம், அந்த வாசத்துக்கே விலங்குகள் வந்து கிண்டும்.

கிழங்கு வாங்கும்போது அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக, கனமாக இருக்க வேண்டும். சுற்றளவு 12 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் நான் வாங்குவதில்லை. வெறுங்கையால் நிறையக் கிழங்கைத் தொட்டால் சிலருக்கு விரல் அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

நடுவதற்கு அவசரமே வேண்டாம். செப்டம்பரில் கடையில் கண்டதும் வாங்கலாம், ஆனால் மண் நன்றாகக் குளிர்ந்த பிறகுதான் நட வேண்டும். எனக்கு அது அக்டோபர் கடைசி. நிலம் உறைவதற்குள் வேர் விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். அதன் பிறகு மூன்று நான்கு மாதக் குளிர் கிடைத்தால்தான் பூந்தண்டு ஒழுங்காக நீளும். அந்தக் குளிர் இல்லாத ஊரில் இருக்கும் அக்கா கிழங்கு அனுப்பச் சொல்லிக் கேட்டபோது இதைத்தான் சொன்னேன்.

எங்கள் பக்கத்துக் களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். அதனால் மக்கிய இலையுரத்தை நிறையக் கலந்து பாத்தியைக் கொஞ்சம் உயர்த்தியிருக்கிறேன். நட்டதும் ஒரு முறை நன்றாகத் தண்ணீர் விடுவேன். அப்புறம் மழையும் பனியும் பார்த்துக்கொள்ளும்.

பூ உதிர்ந்ததும் காயை மட்டும் கிள்ளுங்கள். இலையை வெட்டாதீர்கள், முடிச்சும் போடாதீர்கள். வெங்காயத் தாள் பழுத்துச் சாயும்வரை அப்பா காத்திருந்தது போல, இதற்கும் ஆறு கிழமை பொறுக்க வேண்டும். அடுத்த வருடப் பூவுக்கான சத்து அந்த இலையிலிருந்துதான் இறங்குகிறது. அப்படியும் இரண்டாம் வருடம் சில கிழங்குகள் ஒற்றை இலையோடு நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் புதிதாகப் பத்துக் கிழங்கு சேர்த்து நடுகிறேன். இலையில் பழுப்புப் புள்ளி விழுந்து சுருண்ட செடி ஏதாவது கண்ணில் பட்டால், கிழங்கோடு பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, புதியதை வேறு பாத்தியில் வைப்பேன்.