சையாட்டிகா வலியோடு வருபவரைக் குனிய வைக்காதீர்கள்

யோகா டிப்ளமோ முடித்த பிள்ளைகள் வருடா வருடம் எங்கள் வகுப்புக்குப் பயிற்சிக்கு வருகிறார்கள். திருப்பூர் என்பதால் நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்து தைப்பவர்கள், கட்டிங் டேபிளில் குனிந்தே நிற்பவர்கள் என்று இடுப்புவலிக்காரர்களுக்குப் பஞ்சமே கிடையாது. அவர்களை இந்தப் பிள்ளைகள் கையாளும் விதத்தை ஓரமாக நின்று பார்க்கும்போது, சில தவறுகள் மட்டும் ஆள் மாறினாலும் மாறாமல் வருவது தெரிகிறது. கேஸ் சிலிண்டரைத் தூக்காதே, பைக்கில் பள்ளம் பார்த்து ஓட்டு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். விஷயம் தெரிந்தவர்களே செய்யும் தவறுகளைத்தான் எழுதுகிறேன்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சையாட்டிக் நரம்பின் வழியே காலுக்கு இறங்கும் வலிதான் சையாட்டிகா. சையாட்டிக் நரம்புதான் உடம்பிலேயே தடிமனான நரம்பு. கீழ் முதுகில் எல்4 முதல் எஸ்3 வரையுள்ள நரம்பு வேர்கள் (எல் என்பது இடுப்பு முள்ளெலும்பு, எஸ் என்பது அதற்குக் கீழே உள்ள திரிக எலும்பு) சேர்ந்து அது உருவாகி, பிட்டம் வழியாகக் காலுக்கு இறங்குகிறது. வலி தெரிவது தொடையிலும் கெண்டைக்காலிலும் என்றாலும் கோளாறு பெரும்பாலும் முதுகெலும்பில்தான், எல்4–எல்5 அல்லது எல்5–எஸ்1 டிஸ்க் (முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் வட்டு) பின்பக்கமாகப் பிதுங்கி வேரைத் தொடும் இடத்தில். மக்கள் ‘ஜவ்வு விலகிருச்சு’ என்று சொல்வது இதைத்தான். டிஸ்க்குக்கும் இந்த வலிக்கும் உள்ள தொடர்பைத் தெளிவாக நிறுவி 1934-ல் எழுதியவர்கள் பாஸ்டனைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்கள். வேர் அழுந்துவது மட்டுமல்ல, டிஸ்க்கின் உட்பொருள் பட்டு அழற்சியும் ஆகிறது. அதனால்தான் அந்த எரிச்சலும் மதமதப்பும்.

காலை நீட்டிக் குனிய வைப்பது

எத்தனை வருடமானாலும் எனக்கு எரிச்சல் குறையாத தவறு இது. ஒருவர் வருகிறார், காலை நீட்டி உட்கார முடியவில்லை, தொடைக்குப் பின்னால் சுரீரென்று இழுக்கிறது என்கிறார். உடனே பயிற்சிப் பிள்ளை, “சார், ஹேம்ஸ்ட்ரிங் (பின்தொடைத் தசை) ரொம்ப டைட். ரெண்டு வாரம் நீட்டிவிட்டா லூஸாயிடும்” என்று முடிவு கட்டிவிடுகிறது. அப்புறம் பச்சிமோத்தானாசனம், பாதஹஸ்தாசனம், படுத்த நிலையில் பாதத்தில் பெல்ட் மாட்டி இழுப்பது என்று வரிசையாக ஆரம்பமாகிவிடும். அங்கே இழுப்பது தசை அல்ல, நரம்பு. ஏற்கெனவே வீங்கியிருக்கும் வேரை மேலேயிருந்து டிஸ்க் அழுத்துகிறது, நாம் கீழேயிருந்து காலைப் பிடித்து இழுக்கிறோம். குனியும்போது டிஸ்க்கின் உட்பகுதி பின்பக்கமாக, அதாவது அதே வேர் இருக்கும் பக்கமாகவே தள்ளப்படுகிறது.

தசையா நரம்பா என்று கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். மல்லாந்து படுக்க வைத்து, முழங்கால் மடங்காமல் வலியுள்ள காலை மெல்லத் தூக்குங்கள். 30 முதல் 70 டிகிரிக்குள் அவருடைய வழக்கமான வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். வலி நிற்கும் அளவுக்குக் காலைக் கொஞ்சம் கீழே இறக்கி, பாதத்தை மட்டும் முகத்தை நோக்கி மடக்கிப் பாருங்கள். பின்தொடைத் தசை முழங்காலைத் தாண்டியதும் முடிந்துவிடுகிறது, கணுக்கால் வரை போவதில்லை. ஆகவே பாதத்தை மடக்கியதும் பிட்டத்திலோ தொடையிலோ அதே வலி திரும்பி வந்தால் அது தசையின் இறுக்கம் அல்ல.

பலர் ஏமாறுவதற்குக் காரணம், நீட்டி முடித்த உடனே கொஞ்ச நேரம் இதமாக இருக்கும். “நல்லா இருக்கு மாஸ்டர்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வேதனை ராத்திரிதான் வரும். இடையில் ஒரு பகல் முழுக்கப் போய்விடுவதால் காலையில் செய்த ஆசனத்தை யாரும் சந்தேகிப்பதில்லை, மெஷினில் உட்கார்ந்ததைக் குறை சொல்வார்கள்.

பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கும் ஒரு அக்கா வேறொரு வகுப்பிலிருந்து எங்களிடம் வந்தார். அங்கே தினமும் அவரைக் கால் நீட்டிக் குனிய வைத்திருக்கிறார்கள். கைவிரல் கால் கட்டைவிரலைத் தொட்டுவிட்டது என்று சந்தோஷமாகத்தான் சொன்னார். பேச்சுவாக்கில், “இப்பல்லாம் செருப்பு கழண்டு போறதுகூடத் தெரிய மாட்டேங்குதுங்க சார்” என்றார். பார்த்தால் கால் கட்டைவிரலை மேலே தூக்கப் பலமே இல்லை. முதலில் வெறும் வலியாக இருந்தது பலக்குறைவாக மாறிக்கொண்டிருக்கும்போது, தொட்டுவிட்டோம் என்பதை முன்னேற்றமாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அவரை உடனே எலும்பு மருத்துவரிடம் அனுப்பினோம். அறுவை சிகிச்சை இல்லாமலே தேறினார், ஆனால் விரலுக்குப் பலம் திரும்ப மாதக்கணக்கில் ஆனது. கூலிவேலை செய்பவருக்கு அத்தனை மாதம் என்றால் என்ன என்பதைச் சொல்லிக்கொடுப்பவர் யோசிக்க வேண்டும்.

இதில் நேரமும் சேர்ந்துகொள்கிறது. ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்க் தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது, காலையில் நாம் சற்று உயரமாக இருப்பதே அதனால்தான். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிந்தால் டிஸ்க் மீது சுமை அதிகம். நம் வகுப்புகளோ 5.30-க்குத் தொடங்குகின்றன, அதுவும் சூரிய நமஸ்காரத்தோடு! நாள்பட்ட முதுகுவலிக்காரர்களிடம் காலையில் குனிவதை மட்டும் தவிர்க்கச் சொன்னதிலேயே வலி குறைந்ததாக 1998-ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. சையாட்டிகாக்காரரை மாலை வகுப்புக்கு மாற்றுங்கள்.

சரி, குனியாமல் என்ன செய்வது? குப்புறப் படுக்கும் மகராசனத்தில் தொடங்குங்கள். அது பொறுத்தால் முழங்கைகளை ஊன்றி நெஞ்சை உயர்த்தலாம், அதுவும் பொறுத்தால் சில நாள் கழித்து, குப்புறப் படுத்துக் கைகளை ஊன்றி நெஞ்சைத் தூக்கும் புஜங்காசனத்தைச் சிறிய அளவில் செய்யலாம். 1956-ல் நியூசிலாந்தின் வெலிங்டனில் ராபின் மெக்கென்ஸி என்ற பிசியோதெரபிஸ்ட்டிடம் வந்த ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருந்த கட்டிலில் தெரியாமல் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னால் வளைந்த அந்த நிலையிலேயே கால்வலி விலகிவிட்டது. அதிலிருந்து மெக்கென்ஸி வளர்த்தெடுத்த விதியைத்தான் நான் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் நாளே சொல்கிறேன்: வலி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். பாதத்திலிருந்து கெண்டைக்கால், தொடை, பிட்டம் என்று மேலேறினால், இடுப்பில் வலி கொஞ்சம் கூடினாலும் தொடரலாம். கீழே இறங்கினால், அது எவ்வளவு புகழ்பெற்ற ஆசனமாக இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும்.

தாத்தாவுக்கும் புஜங்காசனம்

மேலே சொன்னது டிஸ்க் பிதுங்கியவர்களுக்கு. அறுபது தாண்டியவர், கொஞ்ச தூரம் நடந்ததும் இரண்டு காலும் கனத்துப்போய், உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது என்று சொன்னால் தண்டுவடப் பாதை குறுகியிருக்க வாய்ப்பு அதிகம். பின்னால் வளைந்தால் அந்தப் பாதை இன்னும் குறுகும். இவருக்கு முழங்காலை நெஞ்சுக்கு மடக்கும் பவனமுக்தாசனம்தான் இதம், நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிள் ஓட்டலாம். நோயின் பெயர் ஒன்று என்பதற்காக ஆசனத்தையும் ஒன்றாக்காதீர்கள்.

படுத்தே கிடப்பது

இரண்டு வாரப் படுக்கை ஓய்வால் கூடுதல் பலன் இல்லை என்று 1999-லேயே நெதர்லாந்தில் சோதித்துச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குள்ளாவது நடங்கள்.

மரத்த காலோடு முதுகை முறுக்கிக்கொடுப்பது

வேண்டாம்.

எம்ஆர்ஐ தாளைப் பார்த்துக் கலங்குவது

வலியே இல்லாத 98 பேரை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து 1994-ல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏதாவது ஒரு டிஸ்க்காவது பிதுங்கியிருந்தது. தாளில் எழுதியிருப்பதும் உங்கள் காலில் வலிக்கும் இடமும் பொருந்துகிறதா என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பிதுங்கியது அப்படியே நின்றுவிடுவதும் இல்லை, பெரும்பாலானவர்களுக்கு உடம்பே அதைக் கரைத்துச் சுருக்கிவிடுகிறது. 6 முதல் 12 வாரத்தில் பலருக்கும் நல்ல மாற்றம் தெரியும். அறுவை சிகிச்சையைப் பற்றிப் பயமுறுத்துவதும் தவறு. 2007-ல் நெதர்லாந்தில் ஒப்பிட்டபோது, அறுவை செய்யாமல் முதலில் காத்திருந்தவர்களைவிடச் சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது, ஆனால் ஒரு வருட முடிவில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். ஆகவே பலக்குறைவு இல்லாதவருக்கு யோசிக்க அவகாசம் உண்டு.

நரம்பு மாத்திரையை மட்டும் நம்புவது

சையாட்டிகாவுக்கு நிறையப் பேருக்கு எழுதப்படும் ப்ரீகாபலின், மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிடக் கூடுதலாக வலியைக் குறைக்கவில்லை என்று 2017-ல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. தலைசுற்றல்தான் அதிகம். அதற்காக நீங்களாகப் பட்டென்று நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்தவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள்.

வலியை மட்டும் கேட்பது, பலத்தைப் பார்க்காமல் விடுவது

வகுப்புக்கு வரும் ஒவ்வொரு முறையும் சுவரைத் தொட்டபடி குதிகாலில் சில அடிகள் நடக்கச் சொல்லுங்கள், பிறகு ஒற்றைக் காலில் நின்று நுனிவிரலில் எழச் சொல்லுங்கள். முதலாவது முடியாவிட்டால் எல்5, இரண்டாவது முடியாவிட்டால் எஸ்1 வேர் பாதிக்கப்பட்டிருக்கலாம். நேற்று முடிந்தது இன்று முடியவில்லை என்றால் ஆசனத்தை நிறுத்தி, தாமதிக்காமல் மருத்துவரிடம் அனுப்புங்கள். சிறுநீர் வர மறுத்தாலோ கட்டுப்பாடு போனாலோ, தொடைகளுக்கு நடுவே, சைக்கிள் சீட் படும் பகுதி மரத்தாலோ, இரண்டு கால்களும் ஒருசேரத் தளர்ந்தாலோ விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. அந்த ராத்திரியே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், இந்த அறிகுறியை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.